வெள்ளைக் கல்லுக்கும் ஊர் உண்டு

இரத்தினபுரியில் ஒரு கல்லுக்கு விலை பேசும்போது நிறத்தையும் நிறையையும் மட்டும் பார்த்து எவரும் பேச்சை முடிப்பதில்லை. “எந்த ஊர்க் கல்?” என்ற கேள்வி நிச்சயம் வரும். பெரிய நீலக்கல் என்றால் வெளிநாட்டு ஆய்வுகூடத்தின் பத்திரம் கேட்பார்கள். அந்தப் பத்திரத்தில் அக்கல் இலங்கையில் பிறந்ததா, பர்மாவில் பிறந்ததா, காஷ்மீரில் பிறந்ததா என்று எழுதியிருக்கும். ஒரே நிறம், ஒரே நிறை, ஒரே வெட்டு என்றாலும், காஷ்மீர் என்று எழுதியிருந்தால் விலை பல மடங்கு ஏறிவிடும்.

ஆய்வுகூடம் இதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? கல்லுக்குள் பட்டு நூல் போல் ஓடும் ஊசிகள், அடைபட்ட திரவத் துளிகள், வேறு கனிமங்களின் துணுக்குகள், மிகச் சிறிய அளவில் கலந்துள்ள இரும்பு முதலிய மூலகங்கள் ஆகியவற்றைப் பார்த்துத்தான். கல் எங்கே போனாலும் தான் பிறந்த மண்ணின் அடையாளத்தை வயிற்றில் சுமந்துகொண்டே போகிறது. இந்த அறிவு நம் ஊருக்குப் புதிதன்று. எங்கள் மாணவிகளில் பலருடைய வாப்பாமாரும் நானாமாரும் சின்ன டோர்ச் ஒன்றையும் ஒரு வில்லையையும் வைத்துக்கொண்டே இதில் பாதியைச் சொல்லிவிடுவார்கள்.

ஆனால் அதே கேள்வியை நாம் இன்னொரு கல்லிடம் கேட்பதில்லை. கேட்கவேண்டும், அந்தப் பழக்கம் நம்முடைய பாடசாலையிலிருந்து தொடங்கவேண்டும் என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல வரும் கருத்து. நான் இக்கல்லூரியின் பழைய மாணவி. பேராதனையில் புவிச்சரிதவியல் படித்துவிட்டு இப்போது இங்கேயே புவியியல் கற்பிக்கிறேன். ஆகவே கல்லைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்லும் கல் தேடிப் போகவேண்டிய கல் அல்ல. தேயிலை மலையில் கான் வெட்டும்போதும், வீட்டுக்கு அத்திவாரம் தோண்டும்போதும், ஆற்றங்கரையிலும், பாதை ஓரத்திலும் கிடக்கும் சாதாரண வெள்ளைக் கல். சிங்களத்தில் திருவானா என்பார்கள்; விஞ்ஞானப் புத்தகத்தில் குவார்ட்ஸ். சில நேரம் பால் போல் வெளுத்திருக்கும், சில நேரம் கண்ணாடி போல் தெளிந்திருக்கும். மாணிக்கக் குழியில் சரளையை அலசும்போது இதை எடுத்து வைக்க யாருக்கும் தோன்றாது. அப்படி வீசப்படும் இந்தக் கல்லைக் கொண்டுதான் இம்மாவட்டத்தில் நாமறிந்த மிகப் பழைய மனிதர்கள் பல்லாயிரம் ஆண்டுகள் சீவியம் நடத்தினார்கள்.

வரலாற்றுப் பாடத்தில் பலாங்கொடை மனிதன் வருகிறான். பரீட்சைக்காக மூன்று நான்கு குகைப் பெயர்களை மனனம் செய்கிறோம், விடைத்தாளில் எழுதுகிறோம், பிறகு மறந்துவிடுகிறோம். அந்தப் பெயர்கள் எல்லாம் நம்மைச் சுற்றியுள்ள ஊர்கள் என்பது நம் மனத்தில் பதிவதில்லை. பட்டதொம்பலென குகை குருவிட்டவுக்கு அருகில், பாவா ஆதம் மலைத் தொடரின் அடிவாரத்தில் இருக்கிறது. பெலிலென குகை கேகாலை மாவட்டத்துக் கித்துள்கலவில் இருக்கிறது. பெல்லன்பெந்திபெலஸ்ஸ நம் மாவட்டத்தின் தென்கிழக்குப் பக்கம். பாஹியங்கல குகை அயல் மாவட்டமான களுத்துறையில். இலங்கையின் ஆதி மனிதனைப் பற்றி உலகம் அறிந்தவற்றில் பெரும்பகுதி, நாம் பஸ்ஸில் போய்த் திரும்பக்கூடிய இந்த வட்டத்துக்குள்தான் கிடைத்தது.

பட்டதொம்பலெனவில் முதலில் தோண்டியவர் போல் தெரணியகல. பின்னர் தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராக நீண்ட காலம் இருந்தவர் அவர்தான். 1980களின் முற்பகுதியை ஒட்டி அவருடைய மகன் சிரான் தெரணியகல அங்கே மிக நுணுக்கமாக மீண்டும் அகழ்ந்தார். 2005இல் நிமல் பெரேரா தலைமையில் இன்னொரு முறை அகழாய்வு நடந்தது. அங்கு கிடைத்த நுண்கற்கருவிகளின் வயது ஏறக்குறைய 36,000 ஆண்டுகளுக்கும் மேல் என்று கணிக்கப்பட்டது. பாஹியங்கலவில் மனிதர் வாழ்ந்த தடயங்கள் ஏறக்குறைய 48,000 ஆண்டுகள் வரை பின்னோக்கிப் போகின்றன. ஓஷான் வெதகே முதலிய நம் நாட்டு ஆய்வாளர்களும் வெளிநாட்டவரும் சேர்ந்து 2019இலும் 2020இலும் வெளியிட்ட ஆய்வுகள், அந்த மக்கள் அடர்ந்த மழைக்காட்டில் குரங்கையும் மர அணிலையும் வேட்டையாடினார்கள் என்றும், எலும்பு முனை பொருத்திய அம்புகளை எய்தார்கள் என்றும் எடுத்துக் காட்டின. மழைக்காடு ஆதி மனிதர் வாழ ஏற்ற இடமன்று என்ற பழைய எண்ணம் அதனால் ஆட்டம் கண்டது.

இந்தக் கருவிகள் எவ்வளவு சிறியவை தெரியுமா? பெரும்பாலும் நான்கு சென்ரிமீற்றருக்குள் அடங்கும். பெருவிரல் நகத்தளவே உள்ளவையும் உண்டு. பிறை வடிவம், முக்கோணம், சரிவகம் என்று அளந்து வெட்டியது போல் இருக்கும். ஐரோப்பாவில் இத்தகைய வடிவங்கள் பரவலாவதற்கு எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் குகைகளில் அவை செய்யப்பட்டன. பெரும்பாலானவை குவார்ட்ஸ். மிகச் சில மட்டும் சேர்ட் என்ற வேறொரு கல். அது நுண்ணிய படிகங்கள் இறுகிச் சேர்ந்த, வழுவழுப்பான, மங்கிய நிறமுள்ள கல்.

இங்கேதான் நம் ஊர்க் கேள்வி வருகிறது. இது எந்த ஊர்க் கல்? எந்த ஓடையிலிருந்து, எந்த மலை வெடிப்பிலிருந்து, எவ்வளவு தூரம் இது சுமந்து வரப்பட்டது?

“பக்கத்தில் கிடந்ததை எடுத்து உடைத்திருப்பார்கள், இதில் தேட என்ன இருக்கிறது?” என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதிலுக்குக் கடல் தாண்டிச் சற்றுப் பார்ப்போம். இந்தியாவில் கற்காலத்தைக் கண்டறிந்தவர் என்று போற்றப்படும் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு புவிச்சரிதவியலாளர். 1863ஆம் ஆண்டு மே மாதம் சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் அவர் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் கொற்றலை ஆற்றுப் படுகையில் அத்திரம்பாக்கத்தைக் கண்டுபிடித்தார். பாறையைப் படித்தவர் என்பதால்தான், அந்தக் கல் அங்கே தானாக உடைந்து கிடக்கும் கல் அல்ல என்று அவர் கண்ணுக்குத் தெரிந்தது. அதே அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்பு என்ற பெண் ஆய்வாளர் பல ஆண்டுகள் அகழ்ந்து, அங்குள்ள கைக்கோடரிகள் ஏறக்குறைய 15 இலட்சம் ஆண்டுகள் பழைமையானவை என்று 2011இல் அறிவித்தார். அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த பகுதி வயது அன்று. சில பெரிய கற்சில்லுகள் அந்த இடத்தில் உடைக்கப்படவில்லை, வேறிடத்தில் உடைக்கப்பட்டு அங்கே கொண்டுவரப்பட்டன என்பதுதான். கையில் கல்லோடு நடந்தவர் “நாளைக்குத் தேவைப்படும்” என்று நினைத்தவர். பதினைந்து இலட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரு மனத்தில் எழுந்த அந்த எண்ணத்துக்கு வேறு எந்தச் சாட்சியும் இல்லை. கல்லின் ஊர்தான் சாட்சி.

கென்யாவில் ஒலொர்கெசைலி என்ற இடத்தில் ஏறக்குறைய 3 இலட்சம் ஆண்டுகளுக்கு முந்திய கருவிகளில் எரிமலைக் கண்ணாடிக் கல் இருந்தது. அந்தக் கல் அயலில் இல்லை. மூலகங்களை ஒப்பிட்டபோது சில 25 முதல் 50 கிலோமீற்றர், சில 90 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட தூரத்திலிருந்து வந்தவை என்று தெரிந்தது. அவ்வளவு தூரத்திலிருந்த ஆட்களோடு ஏதோ கொடுக்கல் வாங்கல் இருந்திருக்கிறது. கிரேக்க நாட்டின் பிராங்தி குகையில் கிடைத்த அதே வகைக் கல் மெலோஸ் என்ற தீவிலிருந்து வந்தது. ஏறக்குறைய 13,000 ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் அந்தக் கடலில் போய்வந்தார்கள் என்பதற்கு ஒரு படகும் மிஞ்சவில்லை. கரிய கல் துண்டுகள்தான் மிஞ்சின.

இப்படி ஊர் கண்டுபிடிக்கும் வழிகள் எவை? முதலாவது, கண். நிறம், மணிகளின் பருமன், வெளித்தோல். இரண்டாவது, கல்லை மில்லிமீற்றரில் நூறில் மூன்று பங்கு கனத்துக்குத் தேய்த்து, ஒளி ஊடுருவும்படி செய்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பது. பேராதனையில் முதன்முதலாக அப்படி ஒரு துண்டைத் தேய்த்தெடுக்க எனக்கு ஒரு பகல் முழுவதும் போயிற்று. வெளியே சாம்பல் நிறமாய் இருந்த பாறை, வில்லைக்குக் கீழே சாயம் தோய்த்த துணி போல் விரிந்ததைப் பார்த்த பிறகு எந்தக் கல்லையும் வெறும் கல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்றாவது, எக்ஸ் கதிர் அல்லது லேசர் கொண்டு மூலகங்களை அளப்பது. இரத்தினக்கல் ஆய்வுகூடங்களில் செய்வதும் இதே வேலைதான். கருவி ஒன்று, கேள்வி ஒன்று. கல் மட்டும் வேறு.

ஆனால் நம் குவார்ட்ஸ் ஒரு பிடிவாதக்காரக் கல். எரிமலைக் கண்ணாடி தன் ஊரை உடனே சொல்லிவிடும். ஒவ்வோர் எரிமலைக்கும் மூலகக் கணக்கு வேறு. குவார்ட்ஸோ ஏறக்குறைய முழுவதும் சிலிக்கனும் ஒட்சிசனுமே. மற்ற மூலகங்கள் அதில் மிக மிகக் குறைவு. போதாததற்கு நம் மலைநாட்டுப் பாறைகளின் வெடிப்புகள் எங்கும் குவார்ட்ஸ் நரம்புகள் ஓடுகின்றன. இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலம் மிகப் பழைய உருமாறிய பாறை. அதில் எரிமலைக் கண்ணாடி கிடையாது. ஆகவே நம் ஆதி மனிதர்கள் கையில் கிடைத்த கடினமான கல்லோடு மல்லுக்கட்டினார்கள். சிறிய உருண்டையைப் பாறை மேல் வைத்து மேலிருந்து இன்னொரு கல்லால் அடித்துப் பிளந்தார்கள். அந்தப் பிடிவாதக் கல்லில் நகத்தளவு பிறை செய்த கைகளை நினைத்தால், நம் ஊர்ப் பட்டறைகளில் கல் வெட்டும் கைகள் எனக்கு ஞாபகம் வருகின்றன.

பிடிவாதக் கல்லும் வாயே திறக்காது என்றில்லை. ஆற்றில் உருண்டு வந்த குவார்ட்ஸின் வெளித்தோல் மழுங்கி வழுவழுப்பாக இருக்கும். மலை வெடிப்பிலிருந்து பெயர்த்தெடுத்ததில் கூரிய முனையும் செம்மண் கறையும் இருக்கும். குகையில் கிடைக்கும் துண்டில் அந்தத் தோல் ஒரு விரற்கடை மிஞ்சியிருந்தாலும், ஆற்றுக்குப் போய் எடுத்தார்களா, மலைக்குப் போய் எடுத்தார்களா என்று சொல்லலாம். சேர்ட் இன்னும் கொஞ்சம் பேசக்கூடிய கல். அது நம் ஈரவலயத்துக் குகைகளில் அரிதாகவே கிடைக்கிறது என்பதே அதைப் பின்தொடர ஒரு காரணம்.

வெளியுலகத் தொடர்பு அந்த மக்களுக்கு இருந்தது என்பதில் ஐயமில்லை. பட்டதொம்பலென குகையில் கடற்சிப்பி மணிகள் கிடைத்தன. கடல் அங்கிருந்து வெகு தூரம். பெலிலெனவில் களப்புச் சிப்பிகள் கிடைத்ததை வைத்து, கரையோரத்திலிருந்து உப்பு வந்திருக்கலாம் என்று சிரான் தெரணியகல கருதினார். சிப்பியை எவரும் பார்த்தவுடன் கடலிலிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். வெள்ளைக் கல்லின் பயணத்தைச் சொல்லப் படிப்பு வேண்டும். அந்தப் படிப்பை நம் பிள்ளைகள் படிக்கவேண்டும் என்கிறேன்.

இப்போது அவசரம் ஏன் என்று சொல்கிறேன். ஒரு கல்லின் ஊரைக் கண்டுபிடிக்க இரண்டு முனைகள் வேண்டும். ஒன்று அது பிறந்த இடம், மற்றது அது கடைசியாகக் கிடந்த இடம். கிடந்த இடம் தெரியாமல் கருவி மட்டும் கையில் இருந்தால், முகவரி கிழிந்த கடிதம் மாதிரிதான். நம் மாவட்டத்தில் இந்த இரண்டாவது முனை நாள்தோறும் அறுந்துகொண்டிருக்கிறது.

மாணிக்கக் குழியை எடுத்துக்கொள்ளுங்கள். ‘இல்லம’ என்று சொல்லும் சரளைப் படையில் யானை, காண்டாமிருகம், நீர்யானை ஆகியவற்றின் எலும்புகளும் பற்களும் கிடைத்துள்ளன. குருவிட்டப் பக்கம் கிடைத்த பற்களை வைத்து, இத்தீவில் ஒரு காலத்தில் சிங்கமும் வாழ்ந்தது என்று 1939இல் போல் தெரணியகல எழுதினார். கற்கருவிகளும் அந்தப் படையில் கிடைத்தன. ஆனால் அவற்றின் வயதைத் திட்டமாகச் சொல்வது கடினம். காரணம், அந்தச் சரளையே ஆறு அள்ளிக்கொண்டு வந்து கொட்டியது. பல காலத்துப் பொருள்கள் ஒரே படையில் கலந்து கிடக்கும். ஏற்கெனவே ஆறு ஒரு முறை இடம் மாற்றியதை நாம் மண்வெட்டியால் இரண்டாம் முறை மாற்றுகிறோம். எந்த ஆழத்தில், எந்தப் படையில் என்ற ஒரு குறிப்பாவது இருந்தால் அதில் மிச்சம் மீட்க இடமுண்டு.

தோட்டங்களின் கதையும் அப்படித்தான். இலங்கையில் கற்கருவிகளை முதலில் தேடிச் சேர்த்தவர்களில் ஒருவர் ஜோன் போல் என்ற தோட்டத்துரை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், காடு வெட்டித் தேயிலை நட்டபோது வெளிப்பட்ட மண்ணில் அவர் இவற்றைப் பொறுக்கினார். துரையின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. அந்த மண்ணைக் கொத்தியவர்கள், கான் வெட்டியவர்கள், அவர்களுடைய கண்ணிலும் எத்தனையோ கற்கள் பட்டிருக்கும். அவர்களிடம் கேட்டு எழுதியவர் இல்லை. தோட்டங்களிலிருந்து நம் பாடசாலைக்கு வரும் மாணவிகள் இந்த வரியை இரண்டு முறை வாசிக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இவற்றோடு புதையல் தேடுபவர்களின் இரவு வேலையும் இருக்கிறது. குகைத் தரையை ஓர் இரவில் கிளறிவிட்டால் முப்பதாயிரம் ஆண்டுக் கணக்கு ஒரே குழம்பாகிவிடும். தங்கம் அங்கே இருக்காது. இருந்த ஒன்றும் போய்விடும்.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி தொல்பொருளைக் கண்டெடுத்தவர் அதிகாரிகளுக்கு அறிவிக்கவேண்டும். ஆனால் சட்டத்தைவிட நான் நம்புவது வீட்டுப் பழக்கத்தை. நம் ஊரில் கெவுடாவின் கதை தெரியாதவர் உண்டா? பால் மங்கலாய் இருந்த அந்தக் கல்லை ஒரு காலத்தில் ஒன்றுக்கும் உதவாதது என்று ஒதுக்கினார்கள். 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் அதை மலிவாக வாங்கிப் போய்ச் சூடாக்கி நீலக்கல்லாக விற்றார்கள். நாம் விழித்துக்கொள்வதற்குள் போனது எவ்வளவோ. வெள்ளைக் கல்லிலும் அதே பாடத்தைப் படிக்கவேண்டாம் என்கிறேன். ஒரு வித்தியாசம், கெவுடாவை மறுபடியும் தோண்டி எடுக்கலாம். குலைந்துபோன குகைப் படையை மறுபடியும் அடுக்கமுடியாது.

இன்னொரு விடயத்தையும் மனம் திறந்து பேசவேண்டும். தொல்பொருள் என்ற சொல்லைக் கேட்டாலே நம் பெற்றோரில் பலருக்கு மனம் சுருங்குகிறது. இந்த நாட்டில் அந்தச் சொல் சில நேரங்களில் காணிப் பிரச்சினையோடும், “நீ எங்கிருந்து வந்தாய்?” என்ற குத்தலோடும் சேர்ந்து வந்திருக்கிறது. அந்த வலியை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பயந்து விலகி நின்றால், அந்தத் துறையில் நம் குரல் இல்லாமலே போகும். நம்மைப் பற்றி மற்றவர்கள் எழுதுவதை வாசிப்பவர்களாகவே நாம் இருப்போம்.

கல்லிடம் கேட்கும் “எந்த ஊர்?” என்ற கேள்வியில் குத்தல் இல்லை. அது யாரையும் வெளியேற்றுவதற்காகக் கேட்கும் கேள்வியன்று, தெரிந்துகொள்வதற்காகக் கேட்பது. அதற்குக் கிடைக்கும் பதில்களும் எல்லோருக்கும் பொதுவானவை. குருவிட்டக் குகையில் கல் உடைத்தவர்கள் பேசிய மொழி என்னவென்று எவருக்கும் தெரியாது. சிங்களம், தமிழ் என்று இன்று நாம் பேசுகிற எந்த மொழியும் அன்று பிறக்கவில்லை. அவர்களுக்கு முன்னால் நாம் எல்லோரும் பிந்தி வந்தவர்கள். அவர்களுடைய வெள்ளைக் கல்லைக் காப்பாற்றும் கடமை, இந்த மண்ணில் இன்று வாழும் எல்லோருக்கும் சம பங்காக இருக்கிறது.

பெற்றோரிடம் ஒரு வார்த்தை. நான் புவிச்சரிதவியல் படிக்கப் போகிறேன் என்றபோது என் உம்மா, “பொம்பிளைப் பிள்ளை மலையும் காடுமாய் அலையவேண்டுமா?” என்று கேட்டார். உறவினர் பலரும் அதையே கேட்டார்கள். கல் வியாபாரம் செய்த வாப்பாதான், “நாங்கள் கண்ணால் பார்த்துச் சொல்வதை இவள் படித்துச் சொல்வாள், போகட்டும்” என்றார். அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதுமானதாக இருந்தது. வெளிக்கள வேலை உண்டுதான். அது குழுவாக, விரிவுரையாளர்களோடு போகும் வேலை. மீதி நேரமெல்லாம் ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டியின் முன்னால். நம் பிள்ளைகளின் பொறுமைக்கும் கூர்மைக்கும் ஏற்ற வேலை. உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்து வைத்தியராகவோ பொறியியலாளராகவோ வரமுடியாவிட்டால் வாழ்க்கை முடிந்தது என்று அழும் மாணவிகளை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அவர்களுக்கு இப்படியும் ஒரு கதவு இருக்கிறது. பேராதனையில் புவிச்சரிதவியல் துறை இருக்கிறது. பட்டம் முடித்தவர்களுக்குக் களனிப் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் பட்டப்பின்படிப்பு நிறுவகம் இருக்கிறது. இதே படிப்பு இரத்தினக்கல் துறைக்கும் வழி விடும் என்பதை வியாபாரக் குடும்பங்களுக்குத் தனியே சொல்லத் தேவையில்லை.

இது நமக்கு அந்நியமான அறிவும் அன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அல்பிரூனி கற்களைப் பற்றி ஒரு தனி நூலே எழுதினார். ஒவ்வொரு கல்லின் தன்மையோடு அது எந்த நாட்டிலிருந்து வருகிறது என்பதையும் விசாரித்து எழுதினார். சரந்தீப் என்ற பெயரில் நம் தீவும் அதில் வருகிறது. கற்களின் அடர்த்தியை நிறுத்துப் பார்த்து ஒப்பிட்டவர் அவர். அவர் கேட்ட கேள்வியைத்தான் நாம் வெள்ளைக் கல்லிடம் கேட்கப்போகிறோம்.

ஆகவே என் யோசனை இது. பெரிய செலவில்லை. நம் பாடசாலையில் ஒரு கல் அலமாரி வைப்போம். அதில் மாணிக்கம் வேண்டாம். ஒவ்வொரு மாணவியும் தன் ஊரிலிருந்து ஒரு சாதாரண வெள்ளைக் கல்லைக் கொண்டுவரட்டும். ஆற்றிலிருந்தா, தோட்டத்துக் கானிலிருந்தா, வீதி வெட்டிய மண்மேட்டிலிருந்தா, எந்த ஊர், எந்த ஓடை, எந்தத் திகதி என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டட்டும். குகைகளிலிருந்தும் தொல்பொருள் இடங்களிலிருந்தும் ஒரு துரும்பையும் எடுக்கக்கூடாது என்பது முதல் விதி. கருவி போல் தோன்றும் கல் எங்கேனும் கண்ணில் பட்டால் எடுக்காமல், பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் பிடித்து, இடத்தைக் குறித்து ஆசிரியையிடம் சொல்லவேண்டும் என்பது இரண்டாவது. திணைக்களத்துக்கு அறிவிப்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இதனால் என்ன பயன்? குகைக் கல்லின் ஊரைத் தேடும் ஆய்வாளர் ஒப்பிட்டுப் பார்க்க அயலில் உள்ள கற்கள் வேண்டும். பாறை வரைபடம் எங்கே என்ன பாறை என்று சொல்லும். எந்த ஓடையில் எந்த அளவில், எந்தத் தெளிவில் வெள்ளைக் கல் உருள்கிறது என்பதை அந்த ஓடையில் குளித்து வளர்ந்த பிள்ளைதான் சொல்லமுடியும். குருவிட்ட, எஹெலியகொட, பலாங்கொடை, பெல்மதுளை, கஹவத்தை என்று ஐந்தாறு ஆண்டுகள் சேர்த்தால் அந்த அலமாரி வெறும் காட்சிப் பெட்டியாக இராது. ஆய்வாளர் ஒருவர் தேடி வந்து பார்க்கத்தக்க ஒரு சேகரம் ஆகிவிடும்.

அதற்கு முன் ஒரு விடுமுறை நாளில் பெற்றோர் பிள்ளைகளை நகரத்திலுள்ள தேசிய நூதனசாலைக்குக் கூட்டிப் போகவேண்டும். எஹெலப்பொல வளவில் அது இருக்கிறது. சரளைப் படையில் கிடைத்த விலங்குகளின் எச்சங்களையும் கற்கருவிகளையும் அங்கே பார்க்கலாம். கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் நகத்தளவு வெள்ளைத் துண்டை விரைந்து கடந்து போகாமல், அதன் முன் சற்று நின்று, நம் ஊர் வழக்கப்படி பிள்ளையிடம் கேளுங்கள்: இது எந்த ஊர்க் கல்? பதில் உங்களுக்கும் தெரியாமல் இருக்கலாம். பிள்ளை தேடிக் கண்டுபிடிப்பாள்.